ஒரு பங்கு

இந்தக் கையால்தான் விற்றேன்.
கொரடாச்சேரியிலிருந்து வெண்ணாற்றின் தென்கரை நெடுக
ஸ்கூட்டி டிக்கியில் படிவக் கட்டோடு
நூற்றுப் பதினாறு வீடு.
சிட்டா, அடங்கல், ஆதார் நகல்,
கையெழுத்து வராதவர்களுக்கு மை.
மழை அடித்துக்கொண்டு போனாலும்
கம்பெனி இருக்கிறது என்று சொன்னதும் நான்தான்.

அடித்துக்கொண்டு போனது.
சம்பா பால்பிடிக்கிற நேரத்தில் ஐந்து நாள்.
தண்ணீர் வடிந்தபோது கதிர்கள்
படுத்தபடியே முளைத்திருந்தன.
பிறகு பிர்கா சராசரி வந்தது.
தையல்நாயகியின் மூன்று மாவுக்கு
அறுபத்திரண்டு ரூபாய்.
பாஸ்புக்கை நீட்டி
"இதுல உன் கமிஷன் எவ்வளவு?" என்றாள்.
கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

கம்பெனியின் சின்னத்தை மறுபடி பார்த்தது
வாய்க்கால் மேட்டுக்கு அந்தப் பக்கம்,
புதுக் கிணறு தோண்ட வேலி போட்ட இடத்தில்.
நெல்லுக்குத் தோண்டும் கிணறு இல்லை.
தகரக் கொட்டகைச் சுவரில் லேமினேட் செய்த சான்றிதழ்:
எந்திரம், தளவாடம், தீ, வெடிப்பு,
மூன்றாம் நபருக்கு நேரும் சேதம்,
அனைத்துக்கும் காப்பு.
மூலையில் அதே விளக்கு,
அதைப் பொத்திய அதே இரண்டு கை.

மூன்றாம் நபர் என்றால் நாங்கள்.

கூத்தாநல்லூர் ஜெராக்ஸ் கடை ஜெகபர் அலி சொன்னார்:
"அந்த எந்திரம் டீசல்ல ஓடுதுன்னு நெனச்சோம்க்கா.
இந்தக் காகிதத்துல ஓடுது.
இது இல்லேன்னா பேங்க் கடன் இல்ல,
கடன் இல்லேன்னா லாரி கெளம்பாது."

ஆட்சியரகத்தின் முன் உட்கார்ந்திருக்கிறோம்.
லாரியின் முன் படுத்திருக்கிறோம்,
நாற்பத்தேழு பேர் மேல் வழக்கு இன்னும் நடக்கிறது.
காகிதத்தின் முன் எப்படிப் படுப்பது?

ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டு
கம்பெனியில் ஒரு பங்கு வாங்கினோம்,
தையல்நாயகி பேரில்.
கணக்குத் திறக்கக் கண்ணைச் சிமிட்டச் சொன்னது போன்.
"எவன்டா இவன்" என்று சிரித்தாள்.
குத்தகைப் பங்கு தெரியும் அவளுக்கு,
முறைத் தண்ணீரில் பங்கு தெரியும்,
அண்ணன் தராத பங்கும் தெரியும்.
இது என்ன பங்கு?
கேள்வி கேட்கிற பங்கு என்றேன்.

ஆண்டுப் பொதுக்கூட்டம், வீடியோவில்.
பேச்சாளர் எண் பத்தொன்பது, இரண்டு நிமிடம்.
ஜெராக்ஸ் கடையில் ஃபேனை நிறுத்திவிட்டு
முப்பது பேர் வியர்த்துக்கொண்டிருந்தோம்.
தலைவரின் முதுகுக்குப் பின்னால் பச்சை வயல் படம்.
"நாத்து ரொம்ப நெருக்கம்" என்றார் யாரோ.

எழுதிக்கொடுத்ததை அவள் இடுப்பில் சொருகிக்கொண்டாள்.
"ஐயா, மூணு மாக் குத்தகைக்காரி பேசுறேன்.
எங்கள முக்குன மழைய தெய்வச் செயல்னு எழுதியிருக்கீங்க.
பூமிக்குள்ள கெடந்தத எடுத்து எரிச்சு
வானத்தச் சூடாக்குனது மனுஷன்.
தெய்வம் இதுல எங்க கையெழுத்துப் போட்டுச்சு?
எனக்குக் குடுக்க மடங்குன கை
அந்தக் கெணத்துக்கு எப்படி நீண்டுச்சு?
பழசப் பத்தி அப்புறம் பேசுவோம்.
புதுசா ஒண்ணுக்கும் நீங்க..."

சத்தத்தை அடைத்தார்கள்.
திரையில் அவள் உதடு மட்டும்
கொஞ்ச நேரம் அசைந்தது.
கடைக்குள் இருந்த எங்களுக்கு முழுசும் கேட்டது.

தங்கள் கருத்து பதிவு செய்யப்பட்டது.
அடுத்து, எண் இருபது.
எண் இருபது டிவிடெண்ட் பற்றிக் கேட்டார்.

லாரி இன்னும் வரவில்லை.
எங்களால்தானா, தெரியாது.
முள்வேலியில் பீர்க்கங்கொடி ஏறியிருக்கிறது.
என் ஏஜென்சிக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது,
அதே விளக்குச் சின்னத்தோடு.

நேற்று தையல்நாயகி கணக்கில்
டிவிடெண்ட் ஏறியது. நான்கு ரூபாய்.
அதைத் தொடாமல் ஒரு நாள் வைத்திருந்தாள்.
அப்புறம் எட்டு அஞ்சலட்டை வாங்கிவரச் சொன்னாள்.

இயக்குநர்கள் ஒன்பது பேர்.

ஒன்பதாவது அட்டைக்கு நான் காசு கொடுத்தேன்.
வாங்கிக்கொண்டாள்.
கமிஷன் பற்றி அதற்கப்புறம் கேட்கவில்லை.