ஹேமா ஹேமா

கடலூர் துறைமுகத்து ஐஸ் கம்பெனியில்
இரவுக் கணக்கு எழுதுகிறவள் நான்.
விசைப்படகுகள் கிளம்புவதற்கு முன்னே, மூன்று மணிக்கு,
கட்டி உடைக்கும் மிஷின் இரைச்சலுக்கு நடுவில்
போன் ஒளிர்ந்து கேட்கும்:
உள்நுழைய முயல்வது நீங்கள்தானா?

நான் எங்கேயும் நுழைய முயலவில்லை.
நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன்,
கால் இரண்டும் ஐஸ் தண்ணியில்.

இல்லை என்று தட்டினால் ஐந்து நிமிடம் சும்மா இருக்கும்.
பிறகு கடவுச்சொல் கேட்கும்.
பிறகு நாற்பத்தேழு என்று ஓர் எண்ணைக் காட்டி
அதையே தொடு என்னும்.
வட்டிக்காரன், செருப்பைக் கழற்றாமல்
வாசலிலேயே நிற்பது மாதிரி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை
வஞ்சிரத்துக்கு மஞ்சள் தடவி வைத்துவிட்டு
அமைப்புகளுக்குள் போனேன்.
என் போனுக்குள் நாலு பேர் குடியிருந்தார்கள்.

சிங்கப் படம் போட்ட 'கிங் ரோசாரியோ',
தம்பியின் சிநேகிதன்.
துப்பாக்கி விளையாட்டுக்காக ஒரு மழைநாளில் ஏறியவன்
இறங்கவே இல்லை.
ஏழாயிரம் தங்கக் காசு சேர்த்திருந்தான், பாவம்.
அகற்று.

'ஸ்ரீ அங்காளம்மன் 2 போட்.'
டீசல் மானியத்துக்கு மனுப் போட
பத்தே நிமிடம் என்று வாங்கினார் படகுக்காரர்.
மூன்று வருடமாக அவருக்கு வரும் புயல் எச்சரிக்கையெல்லாம்
என் தலையணைக்கடியில் அதிர்ந்துகொண்டிருந்தது.

மூன்றாவதுக்குப் பெயரே இல்லை,
கொஞ்சம் எண்களும் ஒரு புள்ளியும்தான்.
மஞ்சக்குப்பத்தில் டிஸ்ப்ளே மாற்றக் கொடுத்த
அந்த ஒரு ராத்திரியாக இருக்கலாம்.
விரல் சற்றுப் பலமாகவே அழுத்தியது.

கடைசியில்
ஊதா வட்டத்துக்குள் ஆங்கில எச்.
ஹேமா ஹேமா. பிறந்தது ஜனவரி ஒன்று, தொண்ணூறு.
இந்த வட்டாரத்தில் ஒரு ஹேமாவையும் எனக்குத் தெரியாது,
அதுவும் இரண்டு தடவை.

இந்தக் கணக்கை அகற்றினால்
இதன் செய்திகள், தொடர்புகள், பிற தரவுகள்
இந்தச் சாதனத்திலிருந்து நீக்கப்படும் என்றது.
நீக்கப்படட்டும். யார் வீட்டுச் சாமானோ.

குழம்பு கொதித்து இறக்கும்வரை
ஒருத்தரும் எதுவும் கேட்கவில்லை.
நீ நீதானா என்று கேட்க ஆளில்லாத மதியம்.
நன்றாகத் தூங்கினேன்.

சாயந்திரம்தான் பார்த்தேன்,
பெயர்கள் இல்லை. ஒன்றுகூட.

அப்போது ஞாபகம் வந்தது அந்தச் செல் கடை.
ஒரு கட்டம் விடாம நிரப்பச் சொல்லுதுக்கா, பேர் சொல்லுங்க.
திருவந்திபுரத்துத் தாயார் பேர், ஹேமாம்புஜவல்லி.
பையன் நாலு எழுத்திலேயே களைத்துப்போனான்.
கடைசிப் பேரு?
அப்படியெல்லாம் எங்க வீட்டில் கிடையாது தம்பி.
அப்ப அதையே திரும்பப் போட்டுர்றேன்.
பிறந்த தேதியை அவனே போட்டுக்கொண்டான்.

வீட்டிலும் கம்பெனியிலும் நான் செங்கமலம்.
அதே தாயார்தான், தமிழில்.

திரும்ப நுழையப் போனேன்.
கடவுச்சொல் எழுதித் தந்த சீட்டு
இரண்டாயிரத்துப் பதினைந்து வெள்ளத்தில்
பீரோவோடு நனைந்து கூழாகிவிட்டது.
மாற்று எண், பையனுடையது,
தற்போது உபயோகத்தில் இல்லை.
உங்கள் முதல் வளர்ப்புப் பிராணியின் பெயர்?
நான் எதையும் வளர்த்ததில்லை,
அவன் என்ன வளர்த்தானோ.

முடிவில் நாசூக்காகச் சொன்னது:
இந்தக் கணக்கு உங்களுடையது என்பதை
எங்களால் உறுதிப்படுத்த முடியவில்லை.

ராத்திரி மூன்று மணிக்கு
வெறும் பத்து இலக்கம் அடித்தது.
யாரு?
நான்தான்.
நான்தான்னா?
அட நான்தான் செங்கமலம், எட்டு பார் எடுத்து வை.
அவர் குரலுக்குப் பின்னால்
ஓர் இன்ஜின் தடுக்கி விழுந்து எழுந்தது.
அந்தத் தடுக்கலை எனக்குத் தெரியும்.
அங்காளம்மனுக்கு எட்டு என்று எழுதினேன்.

அடுத்த எண் அடித்தது.
யார் என்று கேட்கவில்லை.
இருமட்டும் என்று காத்திருந்தேன்.