எண்பத்தொன்று

கணக்கில் அவர் புலி இல்லை.
ஆயர் இல்லத்துக்கு எழுதும் வரவு செலவில்
மாதம் தவறாமல் பதினோரு ரூபாய் இடிக்கும்.
கண்ணாடியைக் கழற்றி ஊதி, அங்கியில் துடைத்து
மறுபடி கூட்டுவார்.
மறுபடி இடிக்கும்.
தன் படிக்காசிலிருந்து எடுத்துப் போட்டுவிட்டு
கையெழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடுவார்.

ஃபாதர் சவரிராயன்.
மலைக்காரர்கள் வாயில் அது சேர்வராயன் ஆகிவிட்டது.
உச்சியில் குகைக்குள் இருக்கிற சாமிக்கும் அதே பேர்.
யாரும் திருத்தவில்லை, அவரும்தான்.
ஒரு மே மாதம், திருவிழாவுக்கு ஏறிய யாரோ
எந்தச் சேர்வராயனுக்கு என்று சொல்லாமல்
இரண்டு சீப்பு மலைவாழை
எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போனார்.
நாங்கள் விசாரிக்கவில்லை. தின்றோம்.

லீ பஜாரில் வெல்லமண்டி வைத்திருந்தவர்
ஒரு மார்கழியில் நாற்பத்தொரு போர்வை அனுப்பினார்.
எல்லாமே ஒரு சாண் குறைச்சல்.
தலையை மூடினால் கால் வெளியே,
காலை மூடினால் தலை.
ஏற்காட்டுக் குளிர் முதலில் காதைத்தான் கடிக்கும்,
அதனால் தலையை மூடினோம்.

பத்து மணிக்கு டார்ச்சோடு வருவார்.
முகம் ஒன்றும் தெரியாது. காலை எண்ணுவார்.
வெடித்த குதிகால், சேற்றுப்புண்,
காப்பித் தோட்டத்து அட்டை கடித்துக் காய்ந்த ரத்தம்,
இஞ்ஞாசியின் ஆறாவது விரல்.
உதடு அசைவது நிழலாகச் சுவரில் விழும்.
எண்பத்தொன்று.
கதவைச் சாத்திக்கொண்டு போவார்.

அந்த ஒன்று நான்.
ஜோடியைச் சேலம் ஜங்ஷனில்
ஒரு கூட்ஸ் வண்டிக்குக் கொடுத்தவன்.

பன்னிரண்டு வயதில் ஓடிப்போனேன்.
ஓடினேன் என்பது ஒரு பேச்சுக்கு.
கட்டையை ஊன்றி ஊன்றி மலைப்பாதையில் இறங்கினேன்.
காரணம் கேட்டால் சிரிப்பீர்கள்:
கிரிக்கெட்டில் எப்போதும் எனக்கு
ஸ்கோர் எழுதுகிற வேலை.

அன்றைக்கு அவருக்கு எண்பது வந்தது.
எழுபத்தொன்பது என்றால்
ஒவ்வொரு போர்வையாகத் தூக்கிப் பார்க்க வேண்டும்.
எண்பது என்றால் ஒருவன்தான்.
"நல்லவேளை, பொடியன்
கணக்கைச் சுலபமாக்கிவிட்டுப் போனான்" என்று
சமையல்கட்டு மதலேனம்மாவிடம் சொல்லிவிட்டு
அப்படியே இறங்கியிருக்கிறார்.

பதினேழாம் வளைவில்
டார்ச் வெளிச்சம் ஆடி ஆடி வந்தது.
கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன்.
அவர் தடுப்புச் சுவரில் உட்கார்ந்து
மூச்சு வாங்கினார், வெகுநேரம்.
காலில் செருப்பு ஜோடி மாறியிருந்தது.
ஒன்று அவருடையது,
ஒன்று மதலேனம்மாவுடையது.

கீழே சேலம் முழுக்க விளக்கு.
"இதுல ஜங்ஷன் எது?"
காட்டினேன்.
"ஆறரைக்கு முதல் பஸ்.
போறதுன்னா அதுல போ.
நடந்தா கட்டை தேஞ்சுடும்."
அங்கிக்குள் துழாவி இரண்டு ரூபாய் தந்தார்.
அந்த மாதம் பதின்மூன்று இடித்திருக்கும்.

ஆறரை பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.
கஞ்சி சூடாக இருந்தது, ஊதிக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை,
எனக்கு ஜோடி பார்த்து எடை போடுகிற வேலை.
தராசில் ஒற்றைக் கொலுசு கிடக்கும்போது
போன் வந்தது.
அதை அப்படியே விட்டுவிட்டு பஸ் ஏறினேன்.
வளைவுகளை எண்ணவில்லை.

கோயிலுக்குள் பெட்டி.
யாரோ அவசரத்தில் வாங்கி வந்த வெள்ளைத் துணி,
அதுவும் ஒரு சாண் குறைச்சல்.
இழுத்து மூட வந்த சிஸ்டரிடம்
கொஞ்சம் இருங்கள் என்றேன்.

பெட்டிக்குள், குதிகால் வெடித்தவை, இரண்டு.
பெட்டியோரம் நிற்பது ஒன்று.

மூன்று.

மூடச் சொன்னேன்.