பதினைந்து மீட்டர்

ஜாலான் புசாரில் ஒரு சாமான் கடை,
ஐந்தடிப் பாதை வரை சுருண்டு கிடக்கிறது குழாய்.
பச்சை மீட்டருக்கு இரண்டு வெள்ளி,
வெள்ளையில் நீலக் கோடு போட்டது ஆறரை.
"குழாய்தானே, பச்சை போதும்" என்கிறான் இன்பவாணன்.
ஆறு நாள் கேம்பர் வேன் வாடகைக்கு
ஆயிரத்து எண்ணூறு எண்ணிக் கொடுத்தவன்,
அதைக் குழாயில் திருப்பி எடுக்கப் பார்க்கிறான்.

பச்சைக் குழாயின் வாயில் மூக்கை வைக்கிறேன்.
புதுச் செருப்பின் வாசம்.
ஒரு மதியம் வெயிலில் கிடந்தால்
இந்த வாசம் வந்து தேநீருக்குள் உட்காரும்.
செடி குடிக்கும், புகார் சொல்லாது.
நான் சொல்வேன்.

"தண்ணீர் வாரியத்திலா வேலை?"
கடைக்காரர் கோ சிரிக்கிறார்.
இல்லை. தோ பாயோவில், டயாலிசிஸ் நிலையத்தில் தாதி.
விடியும் முன், முதல் நாற்காலி நிறையும் முன்,
தண்ணீரில் குளோரின் மிச்சம் உண்டா என்று பார்ப்பவள்.
ஓர் ஆளுக்கு ஒரு தடவைக்கு நூற்றிருபது லிட்டர்;
அதில் பிழை நுழைந்தால் நாக்குக்குத் தெரியாது,
ரத்தத்துக்குத்தான் தெரியும்.
பதினெட்டு வருடம் குழாய்களோடு குடித்தனம் நடத்தியவளிடம்
குழாய்தானே என்று சொல்லலாமா?

அரை அங்குல விட்டம் போதும்.
மடித்துப் பார்க்கிறேன்,
கழுத்து நெரிந்தபடியே நிற்கிறதா, தானே நிமிர்கிறதா.
பித்தளைப் பூட்டில் ஈயம் உண்டா என்கிறேன்.
கோ கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி அட்டையைப் படிக்கிறார்.
மறை தேய்ந்த பைப்புக்கு ஒரு ரப்பர் வாய், ஒரு கவ்வி.
கழிவுநீருக்கு வேறு குழாய், வேறு நிறம், வேறு பை.
இரண்டும் ஒரே பையில் படுத்தால்
கடற்பாலத்திலேயே இறங்கி நடந்து வீட்டுக்கு வந்துவிடுவேன்.

நீளத்தில்தான் சண்டை.
ஏழரை மீட்டர் என்றேன் நான்.
நீளம் கூடினால் உள்ளே தேங்குவதும் கூடும், பாரமும் கூடும்.
"பைப்படியில் வேனை நிறுத்தவா இவ்வளவு தூரம் போறோம்?
ஆத்தோரம் நிறுத்தணும்" என்றான்.
கோ இரண்டையும் மேசையில் வைத்துவிட்டு
வேறு ஆளுக்கு ஆணி நிறுக்கப் போனார்.
எதுவும் வாங்காமல் மீன் சூப் சாப்பிட்டுத் திரும்பினோம்.

மறுநாள் மூன்றாம் நாற்காலியில் ரோஸ்லான்,
வயது நாற்பத்துநான்கு,
குவாந்தான் வரை லாரி ஓட்டியவர்.
சிவப்பு வெளியே, நீலம் உள்ளே,
நான்கு மணி நேரம் அசையக் கூடாத இடது கை.
குழாய்க் கதை முழுவதும் கேட்டுச் சிரித்தார்,
கருவி ஒரு முறை கூவி எச்சரிக்கும் அளவுக்கு.
பிறகு தன் குழாயைக் கண்ணால் அளந்து,
"இது ரெண்டு மீட்டர் இருக்குமா, மிஸி?" என்றார்.
இருக்கும் என்றேன்.
"உன்னுடையது ஆத்துக்கு எட்டுமா?"
அழுத்தத்தைக் குறித்துக்கொண்டேன்: நூற்று நாற்பத்திரண்டு, எண்பது.

சாயங்காலம் தனியாகப் போய்ப் பதினைந்து வாங்கினேன்.
ஏன் என்று கேட்டவனிடம்
தள்ளுபடி என்றேன்.

குளியலறைக் குழாயில் மாட்டி
ஒன்பதாம் மாடி வராந்தாவில் நீட்டிப் பார்த்தோம்.
எங்கள் கதவைத் தாண்டி,
யாருடையதோ சைக்கிளைத் தாண்டி,
மடாம் குவெக்கின் கறிவேப்பிலைத் தொட்டி வரை போயிற்று.
முதல் வாளி செடிக்கு. இரண்டாவதும்.
மூன்றாவதை நான் குடித்துப் பார்த்தேன்.
ஒன்றுமில்லை. தண்ணீரின் ருசிதான்.

பிறகு ஒரு முனையைத் தோளுக்கு உயர்த்தி,
அடி அடியாய் நடந்து வடித்து,
பூச்சி புகாமல் இரு முனையையும்
ஒன்றோடு ஒன்று திருகி மூடினேன்.
சுருளைத் தூக்கினால் உள்ளே ஒரு வாய் தண்ணீர்
இன்னும் உருள்கிறது.
கொசு முட்டைக்கு அது போதும்,
அபராதச் சீட்டுக்கும் போதும்.
"விடேன், காலையில் கிளம்பணும்" என்கிறான்.

மறுபடி பிரிக்கிறேன்.