ஓரத்துப் பாத்தி

தரமணியில் கரண்ட் போனால்
ஜெனரேட்டர் உறுமித் தொடங்க எட்டு நொடி.
அந்த எட்டு நொடியும்
இன்குபேட்டர் கதவில் முதுகைச் சாய்த்து நிற்பேன்,
உள்ளிருக்கும் சூட்டை நான் பிடித்துவைக்க முடியும் என்பதுபோல.

உள்ளே, நெல்வேரில் கழுவி எடுத்த ஒரு கூட்டம்.
புற ஊதா விளக்கில் தட்டைக் காட்டினால்
மஞ்சள் பச்சையாய் ஒளிரும்,
பாரிமுனை நடைபாதையில் பாக்கெட் போட்டு விற்கும்
பிளாஸ்டிக் நட்சத்திரம் மாதிரி.
அதன் லத்தீன் பெயரைத் துளுக்காணம் வாங்கிக்கொள்ளவில்லை.
"பூச்சி" என்றார்.
பூச்சியில்லை, பாக்டீரியா என்றேன்.
"சரி, கண்ணுக்குத் தெரியாத பூச்சி."

மணலிக்குப் பின்னால் அவர் கழனி.
ஆலைப் புகைபோக்கியின் நெருப்பு
தேங்கிய தண்ணீரில் தலைகீழாய் எரியும்.
ஆந்திரா பொன்னி. குலைநோய்க்கு முதல் ஆளாய்ப் படுக்கும் ரகம்.

எப்படிச் சண்டை போடும் என்று கேட்டார்.
எங்கள் தெருவில் தண்ணி லாரி வரும் நாள்
விடியுமுன்னே குடத்தை வரிசையில் வைத்துவிட்டு
காபி போட உள்ளே போய்விடும் சந்திராம்மாவைச் சொன்னேன்.
வேரடி மண்ணில் இரும்பு சொட்டுச் சொட்டாய்த்தான் கிடைக்கும்.
இது முந்திப் பிடித்துவைக்கும்.
மண்ணில் கிடக்கும் பூஞ்சாளம்
காலிக் குடத்தோடு வந்து நிற்கும்.

"குலைநோய் எலையிலதான வருது.
நீ வேர்ல வெக்கிறியே?"

இரண்டு வருடத்தில் யாரும் என்னை
இவ்வளவு சரியாகக் கேட்டதில்லை.
வேரில் இது ஒட்டியிருக்கும்வரை
பயிர் அரைத்தூக்கம்தான் தூங்கும்,
இலையில் வித்து விழுந்த சத்தத்துக்கே
எழுந்து தாழ் போடும் என்றேன்.
அவர் நம்பினாரா தெரியாது.
முகப்பவுடர் போலிருந்த மாவைக் கிள்ளி மோந்து பார்த்தார்.
கிலோ விதைக்குப் பத்து கிராம்.
நாற்று பிடுங்கியதும் வேரை மறுபடி நனைத்தார்.

ஓரத்துப் பாத்திக்கு மட்டும் வேண்டாம் என்றேன்.
ஏன் என்றார்.
ஒப்பிட்டுப் பார்க்க.

போன வருடம் நோயே வரவில்லை.
எல்லாப் பாத்தியும் ஒரே பச்சை.
அக்கம்பக்கத்துக் கழனியெல்லாம் சந்தோஷம்,
என் அட்டவணையில் ஒன்றுமில்லை.

அதனால் இந்த மார்கழியில் வடபழனி போனேன்.
என்ன வேண்டிக்கிட்டே என்றாள் அம்மா.
வேலை என்றேன்.
பனி என்று சொல்லவில்லை.
ராத்திரி குளிரணும், இலை விடியவிடிய நனைஞ்சிருக்கணும்,
வரவேண்டியது வரணும் என்று
ஒரு கழனிக்கு எதிராய் நெய்விளக்கு ஏற்றியதை
யாரிடமும் சொல்லவில்லை.

வந்தது.
கண் வடிவப் புள்ளி. நடுவில் சாம்பல், ஓரத்தில் பழுப்பு.
பவுடர் வைத்த பாத்திகளில்
நூறு இலைக்குப் பதினொன்று.
ஓரத்துப் பாத்தியில் அறுபத்துநாலு.
எண்ண எண்ண
எனக்குள்ளிருந்து ஏதோ பாட்டு முணுமுணுத்து வந்தது.
சேற்றில் கால் புதையப் புதைய
பாடிக்கொண்டே அடுத்த குத்துக்குப் போனேன்.

நிமிர்ந்தபோது அவர் அங்கே நின்றிருந்தார்.
கழுத்து கறுத்து ஒடிந்த கதிரை
உள்ளங்கையில் ஏந்தி.
"இது இன்னாம்மா பாவம் பண்ணிச்சு?"

என்னிடம் பதில் இருந்தது. புள்ளியியல்.
வாயில் வரவில்லை.

பாத்திக்கு நஷ்ட ஈடு உண்டு,
ஆயிரத்து எண்ணூற்று நாற்பது ரூபாய்,
ரசீதில் ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்து.
போட்டார். காசை எண்ணாமல் சட்டைப்பையில் வைத்தார்.
அடுத்த போகத்துக்கு ஆறு பாக்கெட் கேட்டார்,
ஓரத்துக்கும் சேர்த்து.

பஸ் வந்தபோது
ஒரு வெள்ளைக் கதிரை,
கையில் வைத்தால் கனமே இல்லாததை,
என் நோட்டுக்குள் செருகினார்.

"இத்தையும் சேத்து எண்ணிக்கோ."