சீகைக் கணக்கு

இத்தலார் அரசுப் பள்ளி, எட்டாம் வகுப்பு.
சனிக்கிழமை உறைபனி விலகப் பத்து மணி ஆயிற்று.

சரிவுப் புல்வெளியில் வரிசையாய்க் குனிந்து
சீகைக் கன்றுகளைப் பிடுங்கினோம்.
வேரோடு வந்தால் ஒரு கோடு,
ஒடிந்துபோனால் சுழி.
இருநூற்றுப் பதினேழு கோடுகள்.

"தண்ணீரை எல்லாம் குடிக்கிற மரம்"
என்றேன், பயிற்சியில் எனக்குச் சொன்னபடியே.

சிவயோகினி பாவாடையில் கையைத் துடைத்தாள்.
"எங்க வீட்டுல சோறு இதுலதான் வேகுது சார்.
அம்மா சுமக்குறது இந்த மரந்தான்.
போன வாரம் கார்டு அருவாளப் பிடுங்கிட்டாரு."

என் கையேட்டில்
அதற்குப் பக்கம் இல்லை.

கீழே சதுப்பில் அளவுகோலை ஊன்றி
"மூணரை சென்டிமீட்டர்!" என்று
போஜராஜ் கத்திக்கொண்டே இருந்தான்.
யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

திங்களன்று பிள்ளைகளே மனு எழுதினார்கள்,
வனச்சரகருக்கு:
குட்டி மரம் எங்களுக்கு,
பெரிய மரம் அம்மாக்களுக்கு,
அருவாள் திரும்ப வேண்டும்.
"பணிவுடன்" மட்டும் நான் சேர்த்தேன்.

பதில் இன்னும் வரவில்லை.
இந்தச் சனியும் வந்திருக்கிறோம்.
தேநீர்க் குண்டானுக்கு அடியில்
சென்ற வாரக் கன்றுகள்
பச்சை காயாமல்
கண் எரியப் புகைகின்றன.