நானூறு மீட்டர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்:
அந்த மூன்று பிள்ளைகளையும் எடுத்துக்கொண்டது நான்தான்.
போன பிப்ரவரியில்
எங்கள் பள்ளிப் பேருந்து மட்டௌரா ஆற்றுப் பாலம் தாண்டி
நானூறு மீட்டர் கூடுதலாகப் போயிற்று.
சட்டத்தில் பிழையில்லை.
எங்கள் வாரியம் கைதூக்கி நிறைவேற்றியது,
ஐந்துக்கு ஒன்று.
(அந்த ஒன்று நானில்லை.)

மார்ச் முதல் தேதி தலையெண்ணினார்கள்.
எனக்கு அரை ஆசிரியர் கூடினார்,
அக்கரையில் அரிஹியா கீபாவுக்கு அரை ஆசிரியர் குறைந்தார்.
முழுதாக இருந்த ஒருத்தரைத்தான்
நடுவில் கிழித்துப் பங்கிட்டிருந்தோம்.

இரண்டும் அரசுப் பள்ளிதான்.
ஆனால் தலைநகரம் எப்போதோ எங்களை
ஆளுக்கொரு தோணியில் ஏற்றி
உன் துடுப்பு உன் பாடு என்று தள்ளிவிட்டது.
பெற்றோர் தேர்ந்தெடுப்பது வாரியத்தை.
வாரியம் தேர்ந்தெடுப்பது தலைமையாசிரியரை.
தலைமையாசிரியர் தேர்ந்தெடுப்பது
கழிவறைத் தாளின் தடிமன் வரை மற்றதெல்லாம்.

அரிஹியா பொறுப்பேற்ற அன்று கிடைத்தது
பதினேழு சாவி, எதற்கும் பெயரில்லை.
பிறகு டனீடினில் இரண்டு நாள் பயிற்சி.
'தொலைநோக்கு' என்று மஞ்சள் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினார்களாம்.
கொதிகலனைப் பற்றி ஒருவரும் பேச்செடுக்கவில்லை.
வாரியத் தலைவர் டூகல் மெக்லீஷ்
ஆட்டுக்கு ரோமம் கத்தரிப்பவர், நாளுக்கு முந்நூறு.
ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தில்
'தலைமைப் பண்பு' என்ற கட்டத்தில்
வெகுநேரம் யோசித்து எழுதியிருந்தார்:
'நாங்கள் எழுமுன்பே பள்ளியில் விளக்கு எரிகிறது.'

ஜூன் மாதம், செவ்வாய், இரவு ஒன்பது பத்து.
'கொதிகலன் அணைந்துவிட்டது.
நாளை பட்ஜெட் வைக்க வேண்டும்.
பத்தாண்டுக் கட்டடத் திட்டம் எங்கிருந்து தொடங்குவது?
உங்களிடம் கேட்கக் கூடாதுதான்.'

அந்தப் பள்ளி மூடினால்
முப்பத்தொரு பிள்ளைகள்.
கூட்டிப் பார்த்தேன், மறைப்பானேன்.
மனம் முப்பத்தொன்று என்றது, வாய் வருகிறேன் என்றது.
எது முந்தியது என்று மட்டும் கேட்காதீர்கள்.

பாலத்தில் உறைபனி.
பேருந்து திரும்பும் இடத்தில்
சக்கரத் தடம் கல்லாய் இறுகிக் கிடந்தது.
அதன் மேலேறித்தான் போனேன்.

கொதிகலன் அறையில் இருவரும் மண்டியிட்டு
நிலக்கரிக் கட்டியைக் கம்பியால் குத்தி எடுத்தோம்.
சாம்பல் கண்ணில் விழுந்தது, அவருக்கும் எனக்கும்.
நள்ளிரவுக்கு மேல் குழாய்கள் முனகத் தொடங்கின.
மாதிரிக்கென்று கொண்டுபோன என் பட்ஜெட்டை
ஆறாம் வகுப்பு மேசையில் விரித்தேன்.
அவர் பென்சிலால் இறங்கிக்கொண்டே வந்து
ஒரு வரியில் நின்றார்.
'தேய்மானத்தை நீங்கள் இரண்டு முறை கழிக்கிறீர்கள்.
எத்தனை வருடமாக?'

நான்கு வருடமாக.
நான்கு வருடமாக இல்லாத ஏழ்மைக்குப் பயந்து
பாலம் தாண்டியிருக்கிறேன்.
அதை அவரிடம் சொல்லவில்லை.
தேநீர் இருக்கிறதா என்றேன்.

இப்போது இரண்டாவது வியாழன் தோறும்
பெட்ரோல் நிலையத்து உணவு மேசையில் நான்கு பேர்.
ஆற்றின் மேல்முனையிலிருந்து ஒருத்தர் வருகிறார்,
வேலையை விட்டுவிடலாம் என்பார் ஒவ்வொரு முறையும்,
அடுத்த முறையும் வருவார்.
உருளைக்கிழங்கு வறுவல் ஆறிப்போகும்.
ஒருவர் அழுதால் மற்றவர்கள் உப்பை நகர்த்துவார்கள்.
நிகழ்ச்சிநிரல் கிடையாது, குறிப்பேடு கிடையாது.
பேருந்தைப் பற்றி அரிஹியா ஒருநாளும் கேட்டதில்லை.
கேட்டிருந்தால்
எதிர்த்துப் பேசியாவது தப்பியிருப்பேன்.

நாளை எங்கள் வாரியக் கூட்டம்.
பேருந்துத் தடத்தைத் திரும்பப் பெறுவது
ஏழாவது உருப்படி, என் பெயரில்.
அரை ஆசிரியரை என்ன செய்வாய் என்பார்கள்.
பதில் எழுதி வைத்திருக்கிறேன்,
மூன்று முறை அடித்தும் எழுதியும்.

ஏழாவது உருப்படி.
அதற்கு முன்னே
ஆறு இருக்கிறது.