மாவு

மூன்று சாக்கு கீழாநெல்லி வந்தது
திருவலத்திலிருந்து,
பாலாற்றோரக் கரும்புக்கொல்லை வரப்பில் பிடுங்கியது.
பன்னீர்தாஸ் சார் ஒவ்வொரு செடியாகப் புரட்டினார்.
இலைக்கடியில் காய் வரிசை சரியாக இருந்தால் இந்தப் பக்கம்.
சந்தேகம் என்றால் ஜன்னலுக்கு வெளியே.
ஒன்றரைச் சாக்கு வெளியே போயிற்று.
கொண்டுவந்த ஆள் சொன்னார்:
"எல்லாம் பச்சைதானே சார்."

நிழலில் உலர்த்த வேண்டும்.
மே மாதத்து வேலூரில் நிழல் என்பது
அடுப்பை விட்டுக் கொஞ்சம் தள்ளி நிற்பது.
பிணவறைக்குப் போகும் தாழ்வாரத்தில்
வெள்ளைத் துணி விரித்தோம்.
அந்த வழியே அழுதுகொண்டு போனவர்கள்
துணியை மிதிக்காமல் சுற்றிப் போனார்கள்.

சோதனைக் குழாயில் இலை வென்றது.
சாறு பட்ட இரண்டாம் நாள்
காமாலை வைரஸின் சுவடு கரைந்திருந்தது.
மூன்று முறை திருப்பிச் செய்தோம்,
மூன்று முறையும்.
அன்று கேன்டீனில் சார் செலவில் போண்டா.

அப்புறம் ஆட்கள்.
அறுபது பேர், எண்களாக வந்தார்கள்.
முப்பது பேருக்கு இலைப்பொடி,
முப்பது பேருக்கு மாவு.
மாவு என் பொறுப்பு.
அரிசி மாவு, பச்சைச் சாயம்.
கசக்கவும் வேண்டும்;
கூட்டைப் பிரித்து நக்கிப் பார்ப்பார்கள்,
என் ஊரை எனக்குத் தெரியும்.
வேம்பு போட முடியாது, அது மருந்து.
பாகல் போட முடியாது, அதுவும் மருந்து.
இந்த ஊரில் மருந்தாகாத ஒரு கசப்பைத் தேடி
எட்டு நாள் அலைந்தேன்.
கடைசியில் பம்பாயிலிருந்து ஒரு டப்பா வந்தது:
வெறும் கசப்பு,
வேறு குணம் ஏதும் இல்லாதது.

எது எந்தப் புட்டியில் என்று எனக்கே தெரியாதபடி
வேறொருத்தி எண் ஒட்டினாள்.
பட்டியல் உறைக்குள். உறை பெட்டிக்குள்.
சாவி சென்னையில்.

நாற்பத்தொன்று எங்களுக்குத் தண்ணீர் கேன் போடுகிறவர்,
கஸ்பாக்காரர்.
பெயர் சொல்லக் கூடாது.
கேனைக் கவிழ்த்துவிட்டு வாராவாரம் கேட்பார்:
"எனக்கு இலையா, மாவாம்மா?"
"தெரியாதுங்க."
"தெரிஞ்சா சொல்லுவியா?"
"மாட்டேங்க."
திருப்தியாகப் படியிறங்கிப் போவார்.

மூன்றாம் மாதம் அவர் கண்ணில் வெள்ளை திரும்பியது.
இட்லி ஆறு இறங்குது என்றார்.
இரண்டு கேனை ஒரே நடையில் தூக்கிவந்தார்.
மனதுக்குள் 'இலை' என்று எழுதிக்கொண்டேன்.
அப்படி எழுதக் கூடாது.

உறையைப் பிரித்த அன்று கரண்ட் இல்லை.
ஜன்னலோரம் நின்று சார் படித்தார்.
இலை தின்ற முப்பது பேர் ரத்தத்திலும்
மாவு தின்ற முப்பது பேர் ரத்தத்திலும்
வைரஸ் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தது.
நாற்பத்தொன்று: மாவு.

அவரிடம் நான்தான் சொன்னேன்.
கேனை இறக்கவில்லை,
தோளில் வைத்தபடியே யோசித்தார்.
"அந்த மாவு யாரு செஞ்சது?"
"நான்தாங்க."
"இன்னும் ஒரு மாசத்துக்குக் கிடைக்குமா?"

ரத்தத்தில் அது இன்னும் இருக்கிறது என்றேன்.
ஆறு மாதத்துக்கொரு தரம் பரிசோதனை,
ஈரல் டாக்டரை விடக் கூடாது, சாராயம் தொடக் கூடாது
எல்லாம் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.
பிறகு மறுபடி அதே கேள்வியோடு நின்றார்.

ஜன்னலுக்கு வெளியே
அன்று எறிந்த ஒன்றரைச் சாக்கு
மழைக்கு விதை விழுந்து முழங்கால் உயரம் நிற்கிறது.
ஓர் இணுக்கைக் கிள்ளிப் புரட்டிப் பார்த்தவர்
தவறான செடிதான் என்றார்.
அப்புறம் கண்ணாடியைத் துடைத்தார்.
துணியை எடுத்துவரச் சொன்னார்.